தொழிற்சாலை காபன் சமநிலை அடைந்தால் அங்கு செய்யப்படும் வாகனமும் அடைந்ததாகுமா?

கல்முனை ஆசிரியர் (கேள்வி):

வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களை ஒரு விவாதப் போட்டிக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறேன். வாகன உற்பத்தி நிறுவனங்களின் காலநிலை இலக்குகளை நம்பலாமா என்பது தலைப்பு. டொயோட்டா தனது தொழிற்சாலைகளை 2035ஆம் ஆண்டளவில் காபன் சமநிலைக்கு (அதாவது வெளியேற்றத்தைக் குறைத்து, எஞ்சுவதை ஈடுசெய்து, நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்கும் நிலைக்கு) கொண்டுவருவதாக 2021இல் அறிவித்ததை எடுத்துக்காட்டிய ஒரு மாணவி, நம்மூர் வீதிகளில் ஓடும் அந்நிறுவனத்தின் வான்களும் அந்த இலக்கினுள் அடங்குமா என்று கேட்டார். மற்றொருவர், வருடந்தோறும் புகைப் பரிசோதனையில் சித்தியடையும் வாகனத்தைக் காபன் வெளியிடாத வாகனம் என்று கொள்ளலாந்தானே என்றார். இரண்டுக்கும் தெளிவாக விடை சொல்ல என்னால் முடியவில்லை. விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மட்டுநகர் பொறியியலாளர்:

வணக்கம் சேர். மாணவியின் கேள்விதான் இந்த விடயத்தின் நடுநரம்பு. ஒரு நிறுவனத்தின் வெளியேற்றத்தை மூன்று ‘ஸ்கோப்’களாகப் பிரித்து எழுதுவது இன்று உலக வழக்கம். தொழிற்சாலையில் நேரடியாக எரிப்பது முதலாவது; வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிவது இரண்டாவது; உருக்கு, பற்றரி போன்றவற்றைச் செய்து கொடுப்போரின் வெளியேற்றமும், விற்ற வாகனம் தன் ஆயுள் முழுவதும் எரிக்கும் எரிபொருளும் மூன்றாவது. தொழிற்சாலை இலக்கு முதலிரண்டைப் பற்றியது. ஆனால் கார் நிறுவனங்களின் மொத்த வெளியேற்றத்தில் மிகப் பெரும் பகுதி மூன்றாவதில்தான், அதிலும் குறிப்பாக வாகனத்தின் பாவனையில்தான் இருக்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 200,000 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது 13,000 லீற்றருக்கு மேல் எரித்து, 30 தொன்னுக்குச் சற்று அதிகமாக வெளியிட்டிருக்கும். அதைச் செய்த தொழிற்சாலையின் கூரை முழுவதும் சூரியப் படலம் பதித்தாலும் இந்த 30 தொன் குறையாது.

பாவனைக்கும் இலக்குகள் இல்லாமலில்லை. விற்கும் வாகனங்களின் சராசரி வெளியேற்றத்தை 2019ஐ விட 2030இல் 33 சதவீதமும் 2035இல் 50 சதவீதத்துக்கு மேலும் குறைப்பதாக டொயோட்டா 2023இல் கூறியது. இங்கே ‘சராசரி’ என்ற சொல்லை மாணவர்கள் அடிக்கோடிட வேண்டும். ஒரு வாகனத்துக்கு 33 சதவீதம் குறைந்து, விற்கும் எண்ணிக்கை 20 சதவீதம் கூடினால், மொத்தம் ஏறத்தாழ 20 சதவீதமே குறையும். வளிமண்டலத்துக்குச் சராசரி தெரியாது, மொத்தந்தான் தெரியும்.

அக்கரைப்பற்று வாகனத் திருத்துநர்:

புகைப் பரிசோதனை பற்றி மட்டும் சொல்கிறேன். பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டும் எரியாது எஞ்சும் ஐதரோகாபனும், டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தியும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்றே அங்கு பார்க்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக எரிக்கிறதோ அவ்வளவுக்கு எரிபொருளில் உள்ள காபன் முழுமையாகக் காபனீரொட்சைட்டாக மாறும். ஆகவே சான்றிதழ் நம் சுவாசத்துக்கு நல்லது. காலநிலைக் கணக்கை அது தொடுவதேயில்லை.

ஏறாவூர் வாசகர்:

பொறியியலாளர் அவர்கள் 200,000 கிலோமீற்றரோடு நிறுத்திவிட்டார். ஃபோக்ஸ்வாகன் தனது கணக்கில் ஒரு காரின் ஆயுளாக எடுத்துக்கொள்வதும் இதே எண்தான். நமது பகுதியிலோ ஜப்பானில் பாவித்துக் கழித்த வாகனமே புதியதாக வந்திறங்குகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் கழிக்க வேண்டிய வாகனங்களையும் எஞ்சின் பிரித்துப் பூட்டி ஓடினோம். நிறுவனம் கருதிய ஆயுளுக்கு அப்பால் ஓடும் தூரம் யாருடைய கணக்கிலும் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மட்டுநகர் பொறியியலாளர்:

நிறுவனத்தின் கணக்கில் இல்லை என்பது சரி, அதை நான் விட்டுவிட்டேன். யாருடைய கணக்கிலும் இல்லை என்பது சரியன்று. நாட்டின் பச்சைவீட்டு வாயுக் கணக்கு உள்நாட்டில் எரிந்த எரிபொருளை வைத்துத் தயாரிக்கப்படுவதால், அந்த மீதித் தூரம் 2050இல் காபன் சமநிலை அடைவதாகச் சொல்லியிருக்கும் இலங்கையின் தலையில் விழுகிறது. நிறுவனம் வாகனத்தின் ஆயுள் முழுவதையும் விற்ற ஆண்டிலேயே எழுதிவிடும். நாடு ஒவ்வோராண்டும் எரிந்ததை எழுதும். இரண்டையும் கூட்டக் கூடாது.

மின்சார வாகனத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பூச்சியமாக எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் நீர்மின்சாரம் கைகொடுக்கும். வரட்சியில் 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் பங்கு கூடும். இன்னொன்று, இலக்குகள் திரும்பப் பெறப்படவும் கூடும். 2030இல் மின்சாரக் கார்களை மட்டுமே விற்பதாக 2021இல் அறிவித்த வொல்வோ, 2024 செப்டெம்பரில் அதைத் தளர்த்தி, பிளக்இன் ஹைபிரிட்டையும் (மின்னேற்றியும் எரிபொருளிலும் ஓடும் கார்) சேர்த்து விற்பனையில் 90 முதல் 100 சதவீதம் என்றது. எதிரணி இதைக் கட்டாயம் கொண்டுவரும்.

கல்முனை ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. மாணவர்களை நம் பாடசாலை வானை வைத்தே கணக்குப் பார்க்கச் சொல்ல நினைத்தேன். ஆனால் ஓடிய தூரத்தைக் காட்டும் அதன் ஓடோமீற்றர் நின்று பல வருடங்கள் என்கிறார் சாரதி.

அக்கரைப்பற்று வாகனத் திருத்துநர்:

ஓடோமீற்றர் தேவையில்லை சேர். எரிபொருள் பற்றுச்சீட்டுகளை எடுங்கள். டீசல் என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோகிராம்.