புதுப்பிப்பு: பழைய ஷிமானோ 600-க்குப் புதுப் புல்லி

போன மாதம் கேட்டிருந்தேன்: என் சைக்கிளில் இருக்கும் 1980களின் ஷிமானோ 600 பின் டிரெய்லியரில் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) இரண்டு புல்லிகளும், அதாவது செயின் ஓடும் சின்னப் பல்சக்கரங்களும், தேய்ந்து, பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி கூராகிவிட்டன, 10 பல் வாங்குவதா, 11 பல் வாங்குவதா என்று.

10 பல்தான். 11 பல் ஓடவே ஓடாது என்றில்லை. புல்லி சற்றுப் பெரிதாவதால், புல்லிகளைத் தாங்கும் கூண்டில் செயின் உரசலாம். கடைக்காரர் முதலில் அதைத்தான் கொடுத்தார், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று. மாட்டிப் பெடலைச் சுற்றியதும் கரகரவென்று சத்தம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உண்மையில் பல் கணக்கைவிட புஷ்தான் (புல்லியின் நடுவே போல்ட் நுழையும் சின்னக் குழாய்) என்னைப் படுத்தியது. செயினின் பிட்ச் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம்) அன்றும் இன்றும் 12.7 மி.மீ. என்பதால் பல்லில் உட்காருவதில் சிக்கல் இல்லை. ஆனால் நடு புஷ்ஷின் நீளம் பொருந்த வேண்டும். புதியது இம்மி குட்டை, 5 மி.மீ. போல்ட்டை இறுக்கியதும் புல்லி அசையவே மறுத்தது. பழைய புஷ்ஷைத் துடைத்து, கிரீஸ் தடவி, புதுப் புல்லிக்குள் செருகினேன். கச்சிதம்! நல்லவேளை, அதைத் தூக்கிப் போடவில்லை.

பக்கவாட்டில் லேசாக ஆடும் மேல் புல்லியை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அது இன்டெக்ஸ் கியருக்குத்தான், அதாவது ஒவ்வொரு கியருக்கும் லீவர் 'கிளிக்' என்று நிற்கும் வகைக்குத்தான், உதவும். என்னுடையது கிளிக் இல்லாத ஃபிரிக்ஷன் லீவர்; உரசினால் கையாலேயே கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். எனவே ஆடாததையே போட்டேன்.

அப்புறம், செயினையும் மாற்றியாயிற்று. அளந்தால் 12 அங்குலத்துக்கு 1/16 அங்குலத்துக்கும் மேல் நீண்டிருந்தது, அதாவது தேய்ந்துவிட்டது.