ஓனர் மெசேஜுக்கு தம்ஸ் அப் போட்டதைச் சம்மதம் என்கிறார், அவசரம்

தாம்பரம்வாசி
அவசர உதவி வேண்டும். ஹவுஸ் ஓனர் அனுப்பிய மெசேஜுக்குக் கட்டைவிரல் ரியாக்‌ஷன் போட்டேன். பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான். இப்போது "நீங்கதான் ஓகே சொல்லிட்டீங்களே" என்கிறார். அதை எடுத்துவிட முடியுமா? எடுத்தால் அவருக்குத் தெரியுமா? ராத்திரி பேச வருகிறார்.

மின்மினி
எந்த ஆப் சகோ? ஓனர் எழுதியது என்ன?

சுண்டல்பொட்டலம்
டெலிகிராம் என்றால் நீங்கள் போட்டதாகவே இருக்காது. மெசேஜை இரண்டு முறை தட்டினாலே ரியாக்‌ஷன் போய்விடும். இன்ஸ்டாகிராமிலும் அப்படித்தான், இதயம் விழும். ஸ்க்ரோல் பண்ணும்போது விரல் பட்டிருக்கும். செட்டிங்ஸில் போய் அதை முதலில் பாருங்கள்.

மின்மினி
அவரே போட்டதாகத்தானே எழுதியிருக்கிறார்.

சுண்டல்பொட்டலம்
இருந்தாலும் பார்ப்பது நல்லது. என் சித்தப்பாவுக்கு இப்படி நடந்திருக்கிறது.

பெரியதம்பி
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். கட்டைவிரல் என்றால் சம்மதம். கனடாவில் கோர்ட்டே சொல்லிவிட்டது. சஸ்காட்செவன் மாகாணத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒரு விவசாயிக்கு ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியது. அவர் கட்டைவிரல் மட்டும் பதிலாக அனுப்பினார். வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் போட்டேன் என்று பிறகு வாதாடினார். 2023இல் நீதிபதி அதைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடா டாலர் கொடுக்கச் சொன்னார். போடும் முன் யோசித்திருக்க வேண்டும்.

தாம்பரம்வாசி
வாட்ஸப்தான். "வர்ற மாசத்துலேர்ந்து வாடகை 2,000 கூடும்" என்று இருந்தது.

மின்மினி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தனி மெசேஜா, குடியிருப்போர் குரூப்பா? அக்ரிமெண்ட் இருக்கிறதா? இருந்தால் எப்போது முடிகிறது?

வழக்குரைஞர்வீட்டுப்பெண்
பெரியதம்பி அண்ணா, கனடா வழக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த விவசாயியும் அந்த நிறுவனமும் அதற்கு முன்பே பல ஒப்பந்தங்கள் செய்தவர்கள். அப்போதெல்லாம் அவர் "ஓகே", "யெப்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிவிட்டுச் சரக்கையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நீதிபதி முடிவுக்கு வந்தார். கட்டைவிரல் எங்கேயும் எப்போதும் சம்மதம்தான் என்று அவர் சொல்லவில்லை.

நம் ஊர்த் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் மேகாலயாவில் கொல்லப்பட்ட செய்தி அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில் வந்தது. அதற்குக் கட்டைவிரல் போட்ட காவலர், கொலையைக் கொண்டாடினார் என்று வேலையை விட்டே நீக்கப்பட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் அதை ஏற்கவில்லை. செய்தியைப் பார்த்தேன், சரி என்பதற்கும் அதைப் போடுவார்கள், கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, அவரை மறுபடி வேலையில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தது.

அதனால் தாம்பரம்வாசி, இதைச் சொல்லுங்கள். இதற்கு முன் ஓனர் வாடகை, தண்ணீர், கரண்ட் என்று எழுதியபோது நீங்கள் கட்டைவிரல் மட்டும் போட்டுவிட்டுப் பணம் கட்டியிருக்கிறீர்களா?

பெரியதம்பி
மதுரை வழக்கு பணி ஒழுங்கு நடவடிக்கை, வாடகை விஷயம் வேறு. இரண்டையும் குழப்பினால் கேட்டவருக்குத்தான் நஷ்டம்.

வழக்குரைஞர்வீட்டுப்பெண்
கனடாச் சட்டமும் தாம்பரத்து வாடகைக்கு வராது அண்ணா. ஒரே கட்டைவிரலை இரண்டு கோர்ட் இரண்டு விதமாகப் படித்தன என்பதற்காகத்தான் சொன்னேன்.

கீழவீதி
என்னைக் கேட்டால் குற்றம் அந்த ஆப்பில் இருக்கிறது. 2022 மே மாதம் வாட்ஸப்பில் ரியாக்‌ஷன் வந்தபோது ஆறுதான் கொடுத்தார்கள்: கட்டைவிரல், இதயம், சிரிப்பு, ஆச்சரியம், அழுகை, கும்பிடு. "பார்த்தேன்" என்பதற்கு ஒன்று உண்டா? ஜூலையில் எந்த எமோஜியும் போடலாம் என்று திறந்துவிட்டார்கள், ஆனாலும் விரல் போய் நிற்பது அந்த முதல் வரிசையில்தான். ஃபேஸ்புக்கிலும் இதே கதைதான். 2016 வரை சாவுச் செய்திக்கும் லைக்தான் போட வேண்டியிருந்தது.

ரவா_உப்புமா
நீல டிக் வந்தாலே பார்த்தாயிற்று என்றுதானே அர்த்தம்? அதற்குமேல் கட்டைவிரல் எதற்கு?

கீழவீதி
பாதிப் பேர் நீல டிக்கை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறார்கள். மேலும் பெரியவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் மரியாதையாக இல்லை.

ரவா_உப்புமா
பெரியவர்களுக்குக் கட்டைவிரலைக் காட்டுவதுதான் மரியாதைக்குறைவு. எங்கள் வீட்டில் கும்பிடுதான் போடுவோம்.

கீழவீதி
வாடகையைக் கூட்டுகிறேன் என்பவருக்குக் கும்பிடு போட்டால் நன்றி சொன்னதாக அல்லவா எடுத்துக்கொள்வார்?

மின்மினி
எங்கள் ஆபீஸ் சாட் ஆப்பான ஸ்லாக்கில் கண் எமோஜி போட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், டிக் போட்டால் முடித்துவிட்டேன். முதலிலேயே பேசி வைத்துக்கொண்டதால் சண்டை வருவதில்லை. ஓனரோடு யார் அப்படிப் பேசி வைப்பார்கள்?

சரி, கேள்விக்கு வருகிறேன். மெசேஜுக்குக் கீழே இருக்கும் உங்கள் ரியாக்‌ஷனைத் தொட்டால் நீக்கலாம். நீக்கியதாக அவருக்கு நோட்டிபிகேஷன் போகாது. ஆனால் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்திருக்கலாம். இப்போது எடுத்தால் மறைக்கப் பார்த்ததாகத் தோன்றும். எடுக்காதீர்கள்.

சுண்டல்பொட்டலம்
எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

வழக்குரைஞர்வீட்டுப்பெண்
மின்மினி சொல்வதே சரி. கட்டைவிரல் அப்படியே இருக்கட்டும். அவர் வருவதற்குள் அதே சாட்டில், அந்த மெசேஜை ரிப்ளை எடுத்து எழுதிவிடுங்கள்: "சார், நீங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டேன் என்பதற்காகக் கட்டைவிரல் போட்டேன். வாடகை உயர்வுக்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அக்ரிமெண்ட்டை வைத்து நேரில் பேசலாம்." தாமதிக்கத் தாமதிக்க அவர் சொல்வதற்குத்தான் பலம் கூடும். புதுத் தொகையை ஒருமுறை கட்டிவிட்டால் அப்புறம் விளக்குவது ரொம்பக் கஷ்டம். அக்ரிமெண்ட்டில் வாடகை உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பேசும் முன்பே படித்துவிடுங்கள்.

பெரியதம்பி
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

தாம்பரம்வாசி
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். அக்ரிமெண்ட் புதுப்பிக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று ஓனர் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்குரைஞர்வீட்டுப்பெண்
நல்லது. அதை வாயால் சொன்னாரா, எழுதினாரா? வாயால் என்றால் "நீங்கள் சொன்னபடி அதுவரை பழைய வாடகையே கட்டுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள். புதுப்பிப்பது எந்த மாதம்?

ரவா_உப்புமா
அந்த வரிக்கு அவர் கட்டைவிரல் போட்டால் என்ன செய்வது?

வழக்குரைஞர்வீட்டுப்பெண்
"சரிதானே சார்?" என்று கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். தாம்பரம்வாசி, இருக்கிறீர்களா?