நான்கு படைப்பிரிவுகள் ஒரே முடிச்சாகச் சிக்கிக்கொண்டால் கைகலப்பை எந்த வரிசையில் தீர்ப்பது?

மேசைத்தளபதி:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குழுவுக்காக 28 மில்லிமீட்டர் சிற்றுருவங்களைக் கொண்டு ஆடும் போர்விளையாட்டு விதிகளை எழுதி வருகிறேன். ஒரு பிரிவு இன்னொரு பிரிவுடன் மோதும் வரை எந்தக் குழப்பமும் இல்லை. மூன்றாவதும் நான்காவதும் வந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் விதிகள் தடுமாறுகின்றன.

நிலைமை இது. சிவப்பு ஈட்டிப்படையும் நீல வாள்படையும் நேருக்கு நேர் நிற்கின்றன. சிவப்புக் குதிரைப்படை அந்த வாள்படையின் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. அடுத்த சுற்றில் நீலக் கோடரிப்படை வந்து குதிரைப்படையின் முதுகில் தாக்குகிறது. கோடரிப்படையின் தாக்குதலை முதலில் தீர்த்தால் குதிரைப்படை அடிக்கும் முன்பே சிதறிவிடுகிறது. குதிரைப்படையை முதலில் தீர்த்தால் வாள்படை ஓடிவிடுகிறது. இதனை ஒரே கைகலப்பாகக் கொள்வதா, மூன்றாகப் பிரிப்பதா? இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைத்து நிற்கலாம் என்பதே எங்கள் மன உறுதிச் சோதனை. அதை யார், எத்தனை முறை எறிய வேண்டும்?

கூர்வேல்:

முடிச்சு உருவாகாமலேயே தடுப்பது ஒரு வழி. கிங்ஸ் ஆஃப் வார் விளையாட்டில் தன் சுற்றில் உள்ளவர் மட்டுமே அடிக்கிறார், எதிரி அப்போது திருப்பி அடிப்பதில்லை. ஒரே இலக்கின் மீது எத்தனை பிரிவுகள் பாய்ந்தாலும் சேதத்தை எல்லாம் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு சோதனைதான் எறியப்படும். இலக்கு தப்பி நின்றால் தாக்கியவர்கள் ஓர் அங்குலம் பின்வாங்கிவிடுவதால், உங்களுடையதைப் போன்ற சங்கிலி அடுத்த சுற்றுக்கு நீள்வதே இல்லை. பக்கவாட்டுத் தாக்குதலுக்கு இரு மடங்கு, பின்புறத் தாக்குதலுக்கு மும்மடங்கு பகடைகள் என்பதால் சூழ்ந்து தாக்குவதன் பலனும் குறைவதில்லை.

டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்னும் பழங்காலப் போர்விளையாட்டு விதிகள் இன்னும் சிக்கனமானவை. எதிரே நிற்பவர்கள் மட்டும் ஆளுக்கொரு பகடை எறிகிறார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எதிரி தனியாக எறியாமல் தான் ஒட்டியிருக்கும் பிரிவின் எண்ணிக்கையில் ஒரு புள்ளியைக் குறைக்கிறார். ஆனால் அந்த நிலையில் பின்னடைய நேர்ந்தால் அந்தப் பிரிவு அழிந்தே போகும். எந்த மோதலை முதலில் தீர்ப்பது என்பதை நகரும் முறைக்குரியவரே தேர்ந்தெடுக்கிறார்.

பகடைப்பித்தன்:

கூர்வேல் சொன்ன இரண்டும் நல்ல விதிகள்தான். ஆனால் இரு தரப்பும் ஒரே சுற்றில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று மேசைத்தளபதி விரும்புவதாகத் தெரிகிறது. அப்படியானால் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒருவரிடம் கொடுப்பது ஆபத்தானது. எட்டு வீரர்கள் கொண்ட குதிரைப்படைக்கு அடி படுவதற்கு 4+ (ஒரு பகடையில் 4 அல்லது அதற்கு மேல்), காயமாவதற்கு 4+ என்று வைத்தால் சராசரியாக 2 பேரை வீழ்த்தும். கோடரிப்படை முதலில் அடித்து மூவரை எடுத்துவிட்டால் அந்தச் சராசரி 1.25 ஆகச் சுருங்கிவிடும். வரிசையால் மட்டுமே விளைந்த வேறுபாடு அது.

உங்கள் கேள்வியில் அடித்தல், உயிரிழப்பு, மன உறுதி ஆகிய மூன்று தனித்தனிச் செயல்கள் கலந்து கிடக்கின்றன. யார் யாரை அடிக்கிறார்கள் என்பதை எறியும் முன்பே, சிற்றுருவங்களின் அடித்தட்டுகள் தொட்டுக்கொண்டிருப்பதை வைத்துப் பங்கிட்டுவிடுங்கள். பிறகு எல்லாரும் அடிக்கட்டும். வீழ்ந்தவர்களை உடனே எடுக்காமல் அருகே குறிவில்லை வைத்துவிட்டு, கடைசி அடி முடிந்த பிறகே மொத்தமாக அகற்றுங்கள். மன உறுதிக்கு அதன் பிறகுதான் இடம். இவ்வாறு செய்தால் எந்த மூலையிலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது.

இணை இணையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சோதனை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 7 அல்லது குறைவாக விழும் வாய்ப்பு 58 விழுக்காடு. அதையே இருமுறை தாண்டச் சொன்னால் 34 ஆகிவிடுகிறது. ஒரு பிரிவுக்கு ஒரு சுற்றில் ஒரு சோதனை போதும்.

நடுவர்மேசை:

அப்படியானால் மொத்தக் கூட்டல் முறையே எளிது. 2010-இல் வெளிவந்த வார்ஹாம்மர் ஃபேண்டஸி எட்டாம் பதிப்பில், ஒட்டிக்கிடக்கும் அனைவருடைய காயங்களையும் தரப்பு வாரியாகக் கூட்டி, பக்கவாட்டுக்கு 1, பின்புறத்துக்கு 2 என்று சேர்ப்பார்கள். தோற்ற தரப்பின் ஒவ்வொரு பிரிவும் தன் மன உறுதி எண்ணிலிருந்து அந்த வேறுபாட்டைக் கழித்துக்கொண்டு சோதனை எறியும்.

பகடைப்பித்தன்:

அந்த முறையில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மேசைத்தளபதியின் நிலைமையிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈட்டிப்படை 3 பேரையும் குதிரைப்படை 2 பேரையும் வீழ்த்துகின்றன; பக்கவாட்டுக்கு 1 சேர்த்துச் சிவப்புக்கு 6. வாள்படை ஈட்டியில் ஒருவரையும் குதிரையில் ஒருவரையும், கோடரிப்படை குதிரையில் 3 பேரையும் எடுக்கின்றன; பின்புறத்துக்கு 2 சேர்த்து நீலத்துக்கு 7. ஆகவே 5 பேரை இழந்து நொறுங்கிக் கிடக்கும் வாள்படை சோதனையே இல்லாமல் நிற்க, அதனை அடித்துத் துவைத்த ஈட்டிப்படை தப்பி ஓடக்கூடும்! முடிச்சில் உள்ள மிக நலிந்த பிரிவைத் தேடிப்பிடித்து அடித்துப் புள்ளி சேர்ப்பதே பிறகு ஆட்டமாகிவிடும்.

ஒவ்வொரு பிரிவும் தான் கொடுத்ததையும் தான் வாங்கியதையும் மட்டும் ஒப்பிடட்டும். வாள்படை 2 கொடுத்து 5 வாங்கியது. பக்கவாட்டுக்கு 1 சேர்த்து வேறுபாடு 4, எனவே 3 அல்லது குறைவாக எறிய வேண்டும், பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. குதிரைப்படை 2 கொடுத்து 4 வாங்கியது. தனக்குரிய 1, எதிரிக்குரிய 2 இரண்டையும் கணக்கில் கொண்டால் வேறுபாடு 3, எனவே 4 அல்லது குறைவு, ஆறில் ஒரு வாய்ப்பு. ஈட்டிப்படை முன்னிலையில் இருப்பதால் அதற்குச் சோதனையே இல்லை.

மேசைத்தளபதி:

நன்றி, இது எங்கள் விதிகளோடு பொருந்துகிறது. ஒரே ஓர் ஐயம்: வாள்படையும் குதிரைப்படையும் ஒரே நேரத்தில் சிதறினால், யார் யாரைத் துரத்துவது?

பகடைப்பித்தன்:

எல்லாச் சோதனைகளையும் எறிந்து முடிக்கும் வரை ஒரு சிற்றுருவத்தையும் நகர்த்தாதீர்கள். அதன்பின் சிதறிய பிரிவுகள் அனைத்தும் முதலில் ஓடட்டும். பிறகு, தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த எதிரிகள் அனைவரும் ஓடிவிட்ட பிரிவு மட்டுமே துரத்தலாம். இங்கே ஈட்டிப்படை வாள்படையையும் கோடரிப்படை குதிரைப்படையையும் துரத்தும். குதிரைப்படை மட்டும் நிலைத்து நின்றிருந்தால், முதுகில் கோடரிப்படை இன்னும் ஒட்டியிருப்பதால் அது துரத்தாமல் திரும்பி நின்று அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும்.