சிம்கோ ஏரி ஐஸ் மீன்பிடி: கமரா சுத்திக்கொண்டே நிக்குது

பேர்ச்_ஆசை:
கனடாவில ஒன்ராறியோவின்ரை சிம்கோ ஏரியில 8 மீற்றர் ஆழத்தில மஞ்சள் பேர்ச் மீனுக்கு நீரடிக் கமரா விடுறன், ஐஸில தூண்டில் போட்ட அதே ஓட்டைக்குள்ளை. கமரா பம்பரம் மாதிரிச் சுத்துது, தூண்டில் திரையில நிக்குதேயில்லை. லைட்டைப் போட்டால் ஒரே வெள்ளைப் புள்ளி. 12 வோல்ட் பற்றரியும் மத்தியானத்துக்கு முன்னமே படுத்திடுது. என்ன செய்யலாம்?

ஓட்டைக்காரன்:
முதல்ல கமராவுக்குத் தனி ஓட்டை போடுங்கோ, ஒரு மீற்றர் தள்ளி. ஒரே ஓட்டையெண்டால் கொளுவின மீன் கேபிளைச் சுத்தாமல் விடாது.

சுத்துறதுக்குக் காரணம் கேபிள் முறுக்கு. ரீலின்ரை பக்கவாட்டால உருவி எடுத்தால் சுத்துக்கு ஒரு முறுக்கு விழும். ரீலை உருட்டி உருட்டி விடுங்கோ. குளிரில கேபிள் விறைச்சு அந்த முறுக்கு அப்பிடியே நிக்கும். தண்ணிக்குள்ளை அஞ்சு நிமிசம் கிடந்தால் இளகும். பிறகு மேல நிண்டு கேபிளை விரலால மெல்ல உருட்ட, தூண்டில் திரைக்கு வரும். வந்த உடனை ஓட்டைக்குக் குறுக்கை வைச்ச தடியில கிளிப் போட்டு இறுக்குங்கோ.

தெளிதண்ணி:
பகலில லைட்டை நிப்பாட்டுங்கோ. மிதக்கிற தூசியில பட்டு வெளிச்சம் லென்ஸுக்கே திரும்பி வருது, அதுதான் புள்ளி. கூட்டினால் இன்னும் மோசம். தண்ணியை வடிகட்டித் தின்னுற சீப்ரா மட்டி பெருகினதுக்குப் பிறகு சிம்கோத் தண்ணி நல்ல தெளிவு. ஐஸுக்கு மேல கிடக்கிற பனிதான் வெளிச்சத்தை மறைக்குது. ஓட்டையைச் சுத்தி ரெண்டு மீற்றருக்கு வழிச்சு விடுங்கோ. சூரியன் கமராவுக்கு முதுகுப்பக்கம் இருக்கவேணும். கமராவை அடியில முட்ட விட்டால் சேறு கிளம்பி, அடங்கக் கனநேரம் எடுக்கும். 30 சென்ரிமீற்றர் மேல நிப்பாட்டுங்கோ.

குளிர்ப்பெட்டி:
ஈயப் பற்றரியெண்டால் மைனஸ் 20இல ஏறக்குறையப் பாதிதான் தரும். ஐஸில வைக்காமல், சின்னக் குளிர்ப்பெட்டிக்குள்ளை ஒரு சுடுதண்ணிப் போத்தலோடை வையுங்கோ. லிதியத்துக்கு மாறினால் 0 பாகைக்குக் கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, பழுதாப்போகும். கமராவை வெளியில எடுத்து லென்ஸில ஐஸ் பிடிச்சால் சுரண்டாதேங்கோ. திரும்பத் தண்ணிக்குள்ளை விட்டால் கரையும்.

பேர்ச்_ஆசை:
நன்றி அண்ணையவை. இன்னொண்டு: மீன் கிட்ட வந்து பாத்திட்டுத் திரும்புது?

ஓட்டைக்காரன்:
தூண்டிலை ஆட்டுறதை நிப்பாட்டி, ஒரு சாண் உயரம் மெல்லமாத் தூக்குங்கோ. பின்னால ஏறி வந்தால் கடிக்கும். தூண்டில் தடி நுனியைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ: பேர்ச் வாயைத் திறந்து உறிஞ்சிற்று உடனை துப்பும், நுனி அசையாது. திரையில இரை மறைஞ்ச கையோடை இழுங்கோ.