ஐந்து இடத்தில் இரண்டை மட்டும் நிரப்பிவிட்டு வந்தேன்

நியூயார்க் மேயர் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசை போட்டு ஓட்டளித்தவர்கள் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது கொஞ்சம் வருத்தமானது, ஆனாலும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

2021 ஜூன் 22, ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல். மேயர் பதவிக்கு இந்த வரிசை முறை வந்தது அதுதான் முதல் தடவை. நகரத்தின் குயீன்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. சீட்டை வாங்கிப் பார்த்தால் 13 வேட்பாளர்கள், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஐந்து சின்ன வட்டங்கள். ஆண்ட்ரூ யாங்குக்கு ஒன்றாவது இடம், மாயா வைலிக்கு இரண்டாவது இடம் என்று கறுப்பாக்கினேன். மூன்றாவது யார்? கேத்ரின் கார்சியா நகரத்தின் துப்புரவுத் துறையை நடத்தியவர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாதவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன், பின்னால் ஆட்கள் வேறு காத்திருந்தார்கள், ஸ்கேனரில் சீட்டைச் செருகிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் எண்ணிக்கை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த சீட்டுகளை அதில் எழுதியிருக்கும் அடுத்தவருக்கு மாற்றி மாற்றி எட்டுச் சுற்று போனது. யாங் வெளியேறியதும் என் ஓட்டு வைலிக்குப் போனது. அடுத்த சுற்றிலேயே வைலியும் போனார். கடைசியில் நின்றது எரிக் ஆடம்ஸும் கார்சியாவும், ஆடம்ஸ் ஜெயித்த வித்தியாசம் வெறும் 7,197 ஓட்டு! அந்த இருவரில் ஒருவர் பெயரும் இல்லாமல் ஒதுங்கிப்போன சீட்டுகள் 1,40,000க்கும் மேல். அதில் ஒன்று என்னுடையது. இருவரில் யார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் கார்சியா என்றிருப்பேன், ஆனால் சீட்டில் அதை நான் சொல்லவே இல்லையே. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

2025 பிரைமரிக்குள் அம்மாவுக்குக் குடியுரிமை வந்துவிட்டது, அவருக்கு இங்கே முதல் ஓட்டு. மாதிரிச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "ஓட்டு ஒண்ணுதானே, எதுக்கு அஞ்சு?" என்றார். "ஓட்டலுக்குப் போறே, மசால் தோசை தீர்ந்துபோச்சுன்னா பட்டினியா எழுந்து வந்துடுவியா?" என்று கேட்டேன், சட்டென்று புரிந்துகொண்டார். பிடித்தவரையே ஐந்து இடத்திலும் போட்டால் பலம் கூடாதா என்றார் அடுத்து. கூடாது, ஒரே ஒரு தடவைதான் கணக்கு. சுத்தமாக வேண்டாம் என்பவருக்கு ஐந்தாவது இடம்கூடத் தராதே என்றும் சொன்னேன், அதுவும் ஒருநாள் ஓட்டாக மாறலாம். சாவடியில் கோலப்புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு வட்டமாக நிதானமாக நிரப்பினார். நானும் இந்த முறை ஐந்தையும் நிரப்பினேன்.

*

நான் யாழ்ப்பாணம். எங்கட ஜனாதிபதித் தேர்தலிலும் 1, 2, 3 எண்டு விருப்பு வாக்குப் போடலாம், ஆனால் எங்கட வீட்டில எல்லாரும் பழக்கதோசத்தில ஒரு புள்ளடி (X) மட்டும்தான் போடுறது. 2024 செப்டம்பரில யாருக்கும் 50 வீதத்துக்கு மேல வரேல்லை, சரித்திரத்தில முதல் தடவையா இரண்டாவது விருப்பை எண்ணிச்சினம். அங்க சுற்றுச் சுற்றா இல்லை, முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரேயடியா நீக்கிப்போடுவினம். மூன்றாவதா வந்தவருக்குப் புள்ளடி போட்ட அப்பா அண்டைக்கு முழுக்க டிவிக்கு முன்னால பேசாமலே இருந்தார்.

*

உங்கள் அப்பாவின் மனநிலை எனக்கு அப்படியே புரிகிறது. இங்கே இன்னொரு சிக்கல், இந்த வரிசை முறை பிரைமரிக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும்தான். நவம்பர் 4 பொதுத்தேர்தலில் அம்மா சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்த நாலு வட்டம் எங்கேடா?" என்று கேட்டார்.