கலைச்சொல் தேவை: ராலி விளையாட்டில் வரும் ‘பேஸ் நோட்ஸ்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘காலின் மெக்ரே ராலி’ என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவு என்ன என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வருவாரே, அவர் பார்த்து வாசிக்கும் பேஸ் நோட்ஸுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்? இப்போதைக்கு ‘வேகக்குறிப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘வழிக்குறிப்பு’ நன்றாக இருக்கும் என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். எனக்கு இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை.

- - -

ஐயா, வணக்கம்.

நல்ல கேள்வி. அந்த விளையாட்டின் உயிரே அந்தக் குரல்தான். விளையாட்டை உருவாக்கிய கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் அதற்காக யாரோ ஒரு நடிகரைப் பிடிக்கவில்லை. 1995இல் உலக ராலி வாகையர் ஆன மெக்ரேயின் பக்கத்து இருக்கையில், விளையாட்டு வந்த காலத்தில் நிஜமாகவே உட்கார்ந்திருந்த நிக்கி கிரிஸ்டையே பேச வைத்தார்கள். அதற்கு முன் 1995இல் சேகா சாட்டர்ன் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘சேகா ராலி’யிலும் ஒரு குரல் வளைவைச் சொல்லும். ஆனால் அங்கே தடங்கள் குறைவு. கொஞ்ச நாளில் எல்லா வளைவும் மனப்பாடம் ஆகிவிடும், குரல் வெறும் அலங்காரமாகிவிடும். மெக்ரே விளையாட்டில் அப்படி இல்லை. நியூசிலாந்து, கிரீஸ், சுவீடன், கோர்சிகா என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிக் கட்டங்கள், அதாவது நேரம் கணக்கிட்டு ஓட்டும் சாலைப் பகுதிகள். குரலைக் கேட்காமல் ஓட்டினால் மரத்தில்தான் போய் நிற்போம்.

முதலில் ‘வழிக்குறிப்பு’. அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ராலியில் இரண்டு ஏடுகள் உண்டு. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடத்துக்குப் பொதுச்சாலையில் போக வேண்டும். எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்று படம் போட்டு, தூரம் குறித்து அமைப்பாளர்களே ஓர் ஏடு தருவார்கள். வழிக்குறிப்பு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். நாம் பேசுவது வேறு. போட்டிக் கட்டத்தில் வழி தவற வாய்ப்பே இல்லை, சாலை ஒன்றுதான். அந்தச் சாலையில் எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

‘வேகக்குறிப்பு’ மேலோட்டமாகப் பார்த்தால் சரி. குறிப்பில் ஒவ்வொரு வளைவுக்கும் தரும் எண் ஓரளவு வேகத்தைத்தான் சொல்கிறது. பரவலாக இருக்கும் முறையில் ஒன்று என்றால் மிகக் கூர்மையான வளைவு, ஆறு என்றால் வேகத்தைக் குறைக்காமலே கடக்கக்கூடியது. (சில ஓட்டுநர்கள் இதைத் தலைகீழாகவும் வைத்துக்கொள்வார்கள்.) ஆனால் ஒரு வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்:

“ஆறு வலது, மேட்டுக்கு மேல். நூறு. மூன்று இடது, இறுகும், வெட்டாதே.”

இதில் வேகம் சம்பந்தப்பட்டவை ஆறும் மூன்றும் மட்டும்தான். மேடு இருக்கிறது, அதற்கு அப்பால் சாலை கண்ணுக்குத் தெரியாது. நூறு என்பது அடுத்த வளைவு வரைக்கும் உள்ள மீட்டர். ‘இறுகும்’ என்றால் வளைவு போகப்போக நெருக்கமாகும், பாதியில் ஆக்சிலரேட்டரை மிதித்தவர் வெளியே போய்விடுவார். ‘வெட்டாதே’ என்றால் உள்ஓரத்தில் பாறையோ பள்ளமோ இருக்கிறது, குறுக்கே போகாதே. இத்தனையையும் ‘வேகம்’ என்ற ஒரு சொல்லில் அடைத்தால், வாசகர் ஏதோ மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்த பட்டியல் என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று. குரல் எப்போதும் ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருக்கும். நாம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே காதில் ‘இடது’ என்று விழும். புதிதாக ஆடுகிறவர்கள் கேட்டவுடனே திருப்பிவிட்டு, குரல் தப்பாகச் சொல்கிறது என்று திட்டுவார்கள். கேட்டதை மனத்தில் நிறுத்தி, உரிய இடத்தில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மொத்த ஓட்டத்தையும் இந்தக் குறிப்புதான் நடத்துகிறது.

அதனால் என் பரிந்துரை ‘ஓட்டக்குறிப்பு’. ஓட்டம் என்ற சொல்லில் வேகமும் இருக்கிறது, ஓட்டுவதும் இருக்கிறது, போக்கும் இருக்கிறது. ஒரு வசதியும் கூடவே வருகிறது. போட்டிக்கு முன் ஓட்டுநரும் பக்கத்தில் உட்கார்பவரும் அதே சாலையில் மெதுவாகப் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதுவதை ‘முன்னோட்டம்’ என்று சொல்லிவிடலாம். திரைப்படக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் விட்டுவிட வேண்டியதில்லை. விளையாட்டில் இந்த வேலையே கிடையாது, எழுதி முடித்த குறிப்பு தயாராகக் காதுக்கு வந்துவிடும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

- - -

இருவருக்கும் வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

ஓட்டக்குறிப்பு என்றதும் எனக்குக் கிரிக்கெட் ஓட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ‘வளைவுக்குறிப்பு’ என்றால் யாருக்கும் உடனே புரியுமே? கொண்டை ஊசி வளைவு என்ற சொல் ஏற்கெனவே எல்லாருடைய வாயிலும் இருக்கிறது, அதன் பக்கத்தில் இதுவும் இயல்பாக உட்காரும். அப்புறம், பக்கத்தில் உட்கார்பவரை என்னவென்று அழைப்பது? துணை ஓட்டுநர் என்றால் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள் போலத் தோன்றுகிறது.

- - -

அம்மா, வணக்கம்.

வளைவுக்குறிப்பு அழகான சொல்தான், புரிவதிலும் சிக்கலில்லை. ஆனால் மேடும் நீரோடையும் நூறு மீட்டர் நேர்ச்சாலையும் வளைவு இல்லையே. கிரிக்கெட் குழப்பம் தலைப்பைப் பார்த்ததுமே தீர்ந்துவிடும். ராலி கட்டுரைக்குள் வந்து யாரும் விக்கெட் தேட மாட்டார்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு ‘குறிப்பாளர்’ என்று வைக்கலாம். அவர் வேலை குறிப்பு எழுதுவதும் வாசிப்பதும்தான். இந்த வேலை விளையாட்டில் பிறந்ததும் இல்லை, ராலிக்கு மட்டும் உரியதும் இல்லை. 1955இல் இத்தாலியில் நடந்த மில்லே மில்யா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான காகிதச் சுருளை ஒரு பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். எஞ்சின் இரைச்சலில் பேசினால் கேட்காது என்று கைச்சைகையால்தான் சொன்னார். சுமார் 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்து வென்றார்கள். அவரைத் துணை ஓட்டுநர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

- - -

இருவருக்கும் நன்றி. கட்டுரையில் ஓட்டக்குறிப்பு, குறிப்பாளர், முன்னோட்டம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பேஸ் நோட்ஸ் எனப்படும் ஓட்டக்குறிப்பு’ என்று போட்டுவிடுகிறேன். போட்டிக் கட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்பெஷல் ஸ்டேஜ்’ இன்னும் பாக்கி. ‘சிறப்புக் கட்டம்’ என்று எழுதினால் ஏதோ சலுகைக் கட்டணம் மாதிரி இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.