பழைய சைக்கிள் பாகங்களில் குடைந்த எழுத்துக்கு வண்ணம் நிரப்புதல்

1970, 80-களின் இத்தாலியப் பந்தய சைக்கிள்களில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பாகம்), செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்), சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) எல்லாவற்றிலும் சின்னத்தைக் குடைந்து வண்ணம் நிரப்பியிருப்பார்கள். கோல்னாகோ கம்பெனி என்றால் சீட்டுக்கட்டு கிளாவர், டி ரோசா கம்பெனி என்றால் ஹார்ட்டின். உதிர்ந்துபோன வண்ணத்தைத் திரும்ப நிரப்பும்போது வேலை கெடுவது பெரும்பாலும் பூசும் இடத்தில் இல்லை, பள்ளத்தைச் சுத்தம் செய்யாததில்.

சுரண்டும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் மூலைகளில் பழைய வண்ணத் துணுக்கு ஒட்டியிருக்கும். அசல் நிறத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. படம் எடுத்து வையுங்கள். பிறகு பாகத்தைக் கழற்றி, அசிட்டோன் தொட்ட டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். (ஃபிரேமில் இருக்கும்போதே செய்தால் ஃபிரேம் பெயின்டும் சேர்ந்து வரும்.) மிச்சத்துக்கு மூங்கில் பல்குச்சி. குண்டூசி வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழும்.

பாலிஷ் போடுவதானால் வண்ணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாலிஷின் வெள்ளைப் பொடி பள்ளத்தில் தங்கினால் பெயின்ட் பிடிக்காது, சில மாதத்தில் செதிலாக உதிரும். கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு முறை கழுவி, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பெயின்ட் எண்ணெய் எனாமலாக இருக்கட்டும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், ஆனால் துடைக்கும்போது தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். பொம்மை மாடல்களுக்கான சின்ன டப்பா எனாமலே போதும். ஒரு ஸ்டெமுக்குச் சில சொட்டுதான் செலவாகும். பல்குச்சி நுனியில் எடுத்துப் பள்ளத்தில் சொட்ட விட்டால் தானாகவே ஓடி நிரம்பும். வழிந்தால் கவலை வேண்டாம்.

15 முதல் 20 நிமிடம் விட்டுத் துடையுங்கள். வெறும் துணி பள்ளத்துக்குள் இறங்கி வண்ணத்தை உறிஞ்சிவிடும். பழைய ஏடிஎம் கார்டில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, டர்பன்டைன் லேசாகத் தொட்டு, எழுத்துக்குக் குறுக்கே சாய்வாக ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது இடம். டர்பன்டைனுக்குப் பதில் என்.சி. தின்னர் எடுத்தால் உள்ளே இருப்பதும் கரைந்து வரும்.

காயும்போது எனாமல் சுருங்கி நடுவில் குழியும். ஒரு நாள் விட்டு இரண்டாவது முறை நிரப்பினால் சமமாகும்.

*

ராலே போன்ற பழைய ரோட்ஸ்டர்களின் (சாதாரணத் தெரு சைக்கிள்கள்) பித்தளை ஹெட் பேட்ஜுக்கு, அதாவது முன்பக்கம் ஹெட் டியூபில் (ஃபோர்க் நுழையும் குழாய்) பதித்த சின்னத் தகட்டுக்கு, இதே முறைதான், ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே சின்னம் (ராலேயில் நாரை) மேடாக நிற்கும், பின்னணிதான் பள்ளம். ஏடிஎம் கார்டு வளைவில் உட்காராது. துணி சுற்றிய அழிரப்பர் நன்றாக வரும். பேட்ஜைத் தட்டையாக்கிப் பூசிவிட்டுத் திரும்ப வளைப்பது பெரிய தப்பு. வளைக்கும்போதே பெயின்ட் விரிசல் விட்டுவிடும், வளைவும் பழையபடி ஹெட் டியூபில் உட்காராது. ரிவெட்டை முன்னாலிருந்து நெம்பினால் பேட்ஜின் ஓரம் கிழியும். ஃபோர்க்கை இறக்கி, ஹெட் டியூபுக்குள்ளிருந்து வெளியே தள்ளுங்கள்.

*

ஆனோடைஸ் செய்த (அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஆக்சைடு அடுக்கு ஏற்றிய) பாகமானால் காஸ்டிக் சோடா கலந்த எந்தச் சுத்திகரிப்பானும் பக்கத்தில் வரக்கூடாது. ஆனோடைஸ் அடுக்கையே தின்றுவிடும், பெயின்ட் போட்டு அதை மறைக்க முடியாது. குடையாமல் அச்சடித்த சின்னத்துக்கும் இந்த முறை உதவாது. பெயின்ட் தங்கப் பள்ளமே இல்லை. அசிட்டோன் பட்டால் இருக்கிற எழுத்தும் போய்விடும். அதற்கு வாட்டர் ஸ்லைடு டெக்கால் (தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டி, மேலே கிளியர் லேக்கர் அடிப்பதுதான் வழி.